முப்பத்தொன்பது வயதுக்கு ஓர் ஒப்பந்த நீட்டிப்பு

நான் வேலை பார்த்தது ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியில் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் என் உயரத்தைப் பார்ப்பார்கள். பிறகு இடுப்பைப் பார்ப்பார்கள். பிறகு மரியாதைக்காக "அப்படியாங்க, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுக் கேசரி இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

போன பொங்கலுக்கு பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரும் பாட்லக் விருந்தில் ஒரே ஒரு தம்பி மட்டும் நகராமல் நின்றார். டேட்டா சயின்ஸ்காரர். நான் காலமெல்லாம் செய்த வேலையை இப்போது ஒரு மென்பொருள் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறதாம். "அப்போ ஆன்ட்டி, நீங்க அத்தனை வருஷம் அங்க ஆக்சுவலா என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு கொடுத்திருப்பேன். உண்மையான அக்கறையோடு கேட்டார். ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் வடையுமாக நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

படித்து முன்னேறிய கதையை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். அது எல்லார் வீட்டிலும் இருக்கிற கதைதான். ஈரோட்டில் பி.காம். கல்யாணம். கணவருக்கு நியூஜெர்சியில் மருந்து கம்பெனி வேலை. எனக்கு வேலை செய்யக் கூடாத விசா. சும்மா இருக்கச் சொன்னால் எங்கள் ஊர்க்காரிக்குச் சோறு இறங்காது, ஆகவே கணக்குத் தணிக்கைப் பரீட்சைகளை எழுதித் தள்ளினேன். கிரீன் கார்டு வந்ததும் பார்சிப்பனியில் ஒரு வரி ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். விளையாட்டு வீரர்கள் எந்த மாநிலத்தில் போய் ஆடினாலும் அந்த மாநிலம் தன் பங்குக்கு வரி கேட்கும். அதைப் பிரித்துப் போடுகிற வேலை என் மேஜைக்கு வந்தது. யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஓர் அணி என்னைக் கூப்பிட்டுக்கொண்டது. என் கணவர் ஊருக்குப் போன் போட்டு "ஸ்போர்ட்ஸ் லைனுக்குப் போயிட்டா" என்றார். அடுத்த வாரமே என் பெரிய மாமனார் கிரிக்கெட் டிக்கெட் கேட்டு அழைத்தார்.

இனி தொழில். இந்த நாட்டுக் கால்பந்தில் (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குத்தான் இங்கே அந்தப் பெயர்) ஓர் அணி ஒரு வருடத்தில் தன் ஆட்களுக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் சாலரி கேப். எல்லா அணிகளும் சமமாக இருக்க வேண்டும் என்கிற உன்னத நோக்கம். நம் ஊரில் நில உச்சவரம்பு வந்தபோது பெரிய மனிதர்கள் அந்த உன்னத நோக்கத்தை எப்படி மதித்தார்கள்? சமையல்காரர் பெயரில் நாலு ஏக்கர், தூரத்துச் சித்தி பெயரில் நாலு ஏக்கர் என்று எழுதிவைத்தார்கள். இங்கே ஆட்களின் பெயருக்குப் பதிலாக வருடங்களின் பெயரில் எழுதிவைப்பார்கள்.

அது இப்படி. ஒருவருக்குப் பெரிய தொகையை ஒப்பந்த போனஸாக இன்றைக்கே கையில் கொடுத்துவிடலாம். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஒப்பந்தம் ஓடும் வருடங்கள் முழுக்கப் பிரித்து எழுதலாம். வருடங்கள் போதவில்லையா? ஒப்பந்தத்தின் வாலில் சில போலி வருடங்களை ஒட்டிவிடலாம். அந்த வருடங்களில் அவர் ஆடமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், லீக்குக்கும் தெரியும். எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். ஏலச் சீட்டு எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணம் முதலிலேயே வந்துவிடும், தவணை பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு ஆபத்து, ஆள் நடுவில் கழன்றுகொண்டால் மிச்சத் தவணை அத்தனையும் மொத்தமாக அணியின் தலையில் அந்த வருடமே விழும்.

அந்தத் தவணைகளைத் தள்ளித் தள்ளிப் போடுவதுதான் நான் செய்த வேலை. நன்றாகச் செய்தேன். பெருமையாகச் சொல்வேன், என் கையால் எழுதப்பட்ட ஒப்பந்தங்களின்படி இன்றைக்கும் நாலைந்து தாத்தாக்கள் களத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

என் மேலதிகாரி ஹாங்க். அணியின் பொது மேலாளர். பேரம் பேசுவதில் மேதை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மேதைமையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் அதன் சமையல் குறிப்பை இங்கே தருகிறேன். முதல் விதி, எதிர்த்தரப்பைப் பட்டினியாக உட்காரவைக்கக் கூடாது. பசித்தவன் முடியாது என்பான். அதனால் பேச்சு தொடங்கும் முன்பே கனமான சாண்ட்விச்சுகள் வந்துவிடும். இரண்டாம் விதி, தொகையை நாம் முதலில் சொல்லக் கூடாது. அவர்கள் சொன்னதும் பதிலும் சொல்லக் கூடாது. ஹாங்க் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக உரிப்பார். அது உரிகிற வரைக்கும் அறையில் யாரும் பேசமாட்டார்கள். உரித்து முடித்ததும் "பாத்ரூம் போய்விட்டு வருகிறேன்" என்று எழுந்து போவார். திரும்பி வரும்போது எதிர்த்தரப்பு தானாகவே கொஞ்சம் இறங்கி வந்திருக்கும். பழத்தை ஒருவருக்கும் ஒரு சுளை கொடுத்ததில்லை.

அவருடைய மூன்றாம் விதிதான் முக்கியம். முடியாது என்று யாருக்கும் சொல்லக் கூடாது, சரி என்றும் சொல்லக் கூடாது. ஒருமுறை பந்தை உதைக்கிறவன் ஒருவனின் ஒப்பந்தம் மாதக்கணக்கில் இழுத்தது. சம்பளத்தில் எல்லாம் சிக்கலே இல்லை. பனிக்காலத்தில் நடக்க முடியவில்லை, வாசலுக்குப் பக்கத்தில் பார்க்கிங் வேண்டும் என்றான். ஹாங்க் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "உன் காலை நான் எவ்வளவு மதிக்கிறேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவன் வேறு அணிக்குப் போய்விட்டான். அந்த வருடம் எங்களுக்கு எதிராகவே உதைத்து எங்களைத் தோற்கடித்தான். அங்கே அவனுக்கு வாசலை ஒட்டியே பார்க்கிங் கிடைத்ததாகக் கேள்வி.

இப்போது வெஸ் விஷயத்துக்கு வருகிறேன். வெஸ் எங்கள் குவார்ட்டர்பேக். அணியில் பந்தை எறிகிறவர், விளம்பரத்தில் சிரிக்கிறவர், சம்பளத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறவர். முப்பத்தொன்பது வயது. இந்த விளையாட்டில் அது சஷ்டியப்த பூர்த்திக்குச் சமம். சீசன் இல்லாத மாதங்களில் டெக்சஸில் வீடு, ஏனென்றால் டெக்சஸ் மாநிலம் வருமான வரி கேட்பதில்லை. அந்த யோசனையை அவருக்குச் சொன்னவள் நான்தான்.

அவருக்கு முன்னால் நிற்பவன் கர்ட்டிஸ். சென்டர் என்று சொல்வார்கள். குனிந்து, பந்தை இரண்டு கால்களுக்கு நடுவே பின்னால் வெஸ் கையில் கொடுப்பான். கொடுத்த அதே நொடியில் தன்னை இடித்துத் தள்ளிவிட்டு வெஸ்ஸைத் தூக்கிப்போட ஓடிவரும் மலை மாதிரியான ஆளை நெஞ்சால் தாங்க வேண்டும். எட்டு வருடம் இதைச் செய்தான். அவன் பெயர் டிவியில் வருவது தப்புச் செய்தால் மட்டும்தான். வருடத்துக்கு ஒருமுறை வரிக்கணக்கு நேரத்தில் என்னை அழைப்பான். "மேடம், இந்த வருஷம் நான் எந்தெந்த ஸ்டேட்ல அடி வாங்கினேன்?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பான். இவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் மனதில் எப்படிப் பதிந்ததோ அந்தத் தமிழில் எழுதுகிறேன்.

அந்த மார்ச் மாதம் எங்கள் கணக்கு உச்சவரம்பைத் தாண்டி நின்றது. லீக்கின் புது வருடம் தொடங்கும் நாளில் மாலை நாலு மணிக்குள் கீழே வந்தாக வேண்டும். வராவிட்டால் தண்டனை. மற்றவர்களின் தவணையை எல்லாம் தள்ளி முடித்துவிட்டேன், தள்ளுவதற்கு மிச்சமிருந்தது வெஸ்தான். அவருக்கு ஒப்பந்த நீட்டிப்புக் கொடுத்து, நாலு போலி வருடங்களை ஒட்டி, இந்த வருடச் சுமையைக் குறைக்க வேண்டும். அவருடைய சுமையை அதற்கு முன்பும் பலமுறை இப்படித் தள்ளியிருந்தேன். வீட்டில் இதை விளக்கியபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "ஏம்புள்ள, அப்ப அந்தக் கடன் எப்பத்தான் அடையும்?" என்றார். நான் ரிட்டயர் ஆன பிறகு என்றேன். நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தார்.

பேச்சுவார்த்தைக்கு வெஸ்ஸின் ஏஜென்ட் டெனிஸ் கலிஃபோர்னியா பே ஏரியாவிலிருந்து விமானம் ஏறி வந்தார். அதற்கு முந்தின வாரம் முழுக்க இரண்டு தரப்பும் பத்திரிகைகளுக்கு ரகசியங்களைக் கசியவிட்டுக்கொண்டிருந்தன. இது இந்தத் தொழிலில் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதைப் போன்ற சடங்கு. வெஸ்ஸின் தோள் போய்விட்டது என்று எங்கள் தரப்பிலிருந்து ஒரு செய்தி. வேறு இரண்டு அணிகள் அவரைத் துரத்துகின்றன என்று அவர்கள் தரப்பிலிருந்து ஒன்று. இரண்டுமே பொய் என்று எல்லாருக்கும் தெரிந்ததால் யாருக்கும் கோபம் வரவில்லை. சாண்ட்விச் வந்தது. டெனிஸ் தொகையைச் சொன்னார். ஹாங்க் ஆரஞ்சை எடுத்தார். உரித்தார். பாத்ரூம் போனார். டெனிஸும் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அறையில் நானும் வெஸ்ஸும் மட்டும். முன்னால் இருந்த தாளைத் தட்டி, நாற்பத்து நாலு வயது வரைக்கும் நான் ஆடப்போவதாக இதில் போட்டிருக்கிறதே, இது யாரை ஏமாற்றுவதற்கு என்று கேட்டார். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான். மற்றவர்களுக்குக் கடைசித் தொகை தெரிந்தால் போதும். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஏலச் சீட்டைச் சொல்லியே விளக்கினேன். ஈரோட்டுச் சீட்டை ஒரு டெக்சஸ்காரருக்கு விளக்கியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கவனமாகக் கேட்டார்.

"நடுவுல நான் போயிட்டா?"

"மிச்சம் மொத்தமா எங்க தலையில விழும்."

தலையை ஆட்டிவிட்டு சாண்ட்விச்சோடு வந்த ஊறுகாய் வெள்ளரியை எடுத்துக் கடித்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஹாங்க் திரும்பி வந்தார். டெனிஸ் வாயைத் திறப்பதற்குள் வெஸ் பேசினார். கேட்ட தொகையிலிருந்து கணிசமாக இறங்கி வருவதாகச் சொன்னார். டெனிஸ் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்திருக்க வேண்டும், மேஜை ஆடியது.

"எனக்குக் குறைச்சுக்கறேன். அந்த மிச்சத்துல கர்ட்டிஸை வச்சுக்கங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

கர்ட்டிஸ் பெயர் அந்த வருடம் நீக்கப்படக்கூடியவர்கள் நடுவில் அடிபட்டுக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். முழங்கால் தேய்ந்துவிட்டது, சம்பளம் கூடிவிட்டது. வெஸ் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுத முடியாது. ஒருவரின் ஒப்பந்தத்தில் இன்னொருவரின் வேலைக்கு உத்தரவாதம் எழுத லீக் விடாது. எழுதாமல் வாய்வார்த்தையாக வாக்குக் கொடுப்பதும் குற்றம். ஹாங்க் விதிகளை மதிக்கிற மனிதர் என்று அன்றைக்குத்தான் முதல் தடவை தெரிந்துகொண்டேன். உருக்கமாக வெஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் ஆளை நான் பாத்துக்கமாட்டேனா, வெஸ்?" என்றார்.

அது பதில் இல்லை, கேள்வி என்று டெனிஸ் வெடுக்கென்று சொன்னார். பரவாயில்லை, இவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும் என்று வெஸ் கையெழுத்துப் போட்டார். அணியின் ஓனர் வந்தார். எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். எங்கள் கணக்கு உச்சவரம்புக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் காரில் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

இரண்டு நாளில் ஓனருக்கு ஓர் ஆசை வந்தது. பணக்காரர்களுக்கு ஆசை வருவதும் நமக்குச் சளி பிடிப்பதும் ஒன்று, எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. வேகமாக ஓடிப் பந்தைப் பிடிக்கிற ஒரு பையன் ஏதோ ஓர் அணியிலிருந்து வெளியே வருகிறானாம், அவன் வேண்டுமாம். ஹாங்க் என் அறைக்கு வந்து உச்சவரம்புக் கணக்கில் இடம் பண்ணு என்றார். எங்கே பண்ணுவது என்றேன். கர்ட்டிஸை எடுத்துவிடு என்றார்.

வெஸ்ஸிடம் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"நான் என்ன சொன்னேன்? பாத்துக்கமாட்டேனான்னு கேட்டேன். அவன்தான் பதில் சொல்லல," என்றார் ஹாங்க்.

முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். கர்ட்டிஸுக்கு அவர் போன் செய்யவில்லை, ஓர் உதவியாளரை விட்டுச் சொல்லச் சொன்னார். எட்டு வருட அர்ப்பணிப்புக்கு நன்றி, குடும்பத்தில் அவர் என்றும் ஓர் அங்கம் என்று அணியின் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. இங்கே ஆளை வெளியே தள்ளும்போதுதான் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

லீக்கின் புது வருடம் தொடங்குகிற நாள் காலையில் வெஸ் ஹாங்கின் அறைக்கு வந்தார். டெக்சஸிலிருந்து நேராக வந்திருந்தார். டெனிஸைக்கூடக் கூட்டி வரவில்லை. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். சாண்ட்விச்சுக்குச் சொல்ல ஹாங்குக்கு நேரம் இருக்கவில்லை. ஆரஞ்சு மட்டும் கையில் இருந்தது.

"நான் ரிட்டயர் ஆயிடறேன், ஹாங்க். இன்னிக்கு. நாலு மணிக்கு முன்னாடி."

ஹாங்க் சிரித்தார். போனஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைவுபடுத்தினார். கொடுத்துவிடுகிறேன் என்றார் வெஸ். அவ்வளவு பெரிய தொகையை ஒரு மனிதர் அவ்வளவு சாதாரணமாக விட்டுவிட்டதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. ஹாங்க் உரிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். இவர் இன்றைக்குப் போனால் நமக்கு என்ன ஆகும் என்று கேட்டார்.

சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன். வருடா வருடம் நான் பின்னால் தள்ளிவிட்ட ஒவ்வொரு தவணையும் வரிசையாகக் கிளம்பி வந்து அந்த ஒரே வருடத்தில் நின்றது. வெஸ் போனஸைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தச் சலுகை அடுத்த வருடக் கணக்கில்தான் சேரும். நல்ல ஆட்களில் பாதிப் பேரை நாலு மணிக்குள் நீக்கினால்தான் தப்ப முடியும். ஓனர் ஆசைப்பட்ட ஓட்டக்காரப் பையனைக் கனவில்கூட வாங்க முடியாது.

"மொத்தமா உங்க தலையில," என்றார் வெஸ்.

ஹாங்க் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்தப் பாடத்தை யார் நடத்தியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் வேலை அன்றைக்கே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, ஏனென்றால் அந்தப் பலகையில் இருந்ததை அவிழ்க்கத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். ஹாங்க் ஓனருக்குப் போன் செய்தார். ஓனரின் குரல் எனக்கே கேட்டது. பேசி முடித்துவிட்டு, கர்ட்டிஸைத் திரும்ப எடுத்துக்கொள்வோம், சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டியே கொடுப்போம் என்று வெஸ்ஸிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து ஒரு நேரான வாக்கியம் வந்தது அன்றைக்குத்தான்.

வெஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இத்தனை வருடத்தில் என் கணக்கு ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன்.

கர்ட்டிஸ் ஹாங்கின் அழைப்பை எடுக்கமாட்டான் என்பதால் என்னை அழைக்கச் சொன்னார்கள். ஸ்பீக்கரில் போட்டேன். டெக்சஸில் ரிச்சர்ட்சன் பக்கம் அவன் வீடு. எடுத்ததும் பின்னால் குழந்தைகள் சத்தம். மகளை டேகேரில் விட வந்திருப்பதாகச் சொன்னான். விஷயத்தைச் சொன்னேன். அணி திரும்பக் கூப்பிடுகிறது, சம்பளம் கூடுதல், இன்றைக்கே தாள் அனுப்புகிறோம் என்றேன். குரலில் எனக்கு அவ்வளவு குஷி.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு லைனுக்குத் திரும்பினான்.

"மேடம், என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவனே தொடர்ந்தான்.

"ரெண்டு வருஷமாவே நிறுத்திடணும்னு இருந்தேன் மேடம். முழங்கால்ல ஒண்ணுமே மிச்சமில்ல. படிக்கட்டுல பக்கவாட்டாத்தான் இறங்கறேன். ஆனா வெஸ் பின்னாடி நிக்கறான். அவனை விட்டுட்டு நானா எப்படிக் கிளம்பறது? நீங்களா அனுப்பினீங்க பாருங்க, அன்னிக்கு என் வைஃப் அழுதுட்டா. சந்தோஷத்துல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இதை வெஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். அவன் மனசு கஷ்டப்படக் கூடாது."

பேச்சு ஸ்பீக்கரில் இருக்கிறது என்று அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை. ஹாங்க் போனை அணைக்கக் கையை நீட்டினார். நான் போனை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வெஸ் முன்னால் வைத்தேன்.

வெஸ் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை கர்ட்டிஸ் பின்னால் நின்று கையை நீட்டியிருப்பார். பிறகு குனிந்து, "கர்ட்டிஸ், நான்தான்," என்றார்.

"கால் எப்படிடா இருக்கு?"

"வலிக்குது, வெஸ்."

"எத்தனை நாளா?"

"நீ கேக்கவே இல்லையே," என்றான் கர்ட்டிஸ். அதில் குற்றச்சாட்டு இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஹாங்கின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். மேலதிகாரியைத் தொட்டு இழுத்தது அன்றைக்கு ஒருநாள்தான். வராந்தாவில் நின்றபடியே அவர் என் காதருகே வந்து, "அப்ப இவன் ரிட்டயர் ஆகலதானே? கர்ட்டிஸ் சம்பளமும் மிச்சம்தானே?" என்று கேட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நொடியில் போய்விட்டது. கோபப்படுவதற்கு உள்ளே ஓர் ஆள் வேண்டும்.

வெகுநேரம் கழித்து வெஸ் வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். ரிட்டயர்மென்ட் பேச்சை எடுக்கவில்லை.

"இனிமே எனக்கு முன்னாடி குனியப் போறவன் பேரு என்ன?" என்று கேட்டார்.

ஹாங்க் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. போன வருடம் குறைந்த சம்பளத்துக்கு எடுத்த இருபத்து மூன்று வயதுப் பையன், பெயர் ஓவன், இப்போது கீழே ஜிம்மில்தான் இருப்பான் என்று நான் சொன்னேன். வெஸ் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். எங்கே போகிறாய், புது சீசனுக்குப் போட்டோ எடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று ஹாங்க் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அவன் முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெஸ் இறங்கிப் போனார்.